வந்து சேராத பெனால்டி

புன்னைத்துறை கிளீட்டஸ் அடித்த பந்து பதினேழு வருஷமாகியும் கோலுக்குப் போய்ச் சேரவில்லை என்பதைத் தவிர, அவனுடைய ஆட்டக் காலத்தைப் பற்றிக் குறை சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. அந்தப் பந்தை அவன் அடித்தது சவேரியார் திருவிழாக் கோப்பையின் கடைசி ஆட்டத்தில், புன்னைத்துறைக்கும் கல்லுமுனைக்கும் நடுவில் இரண்டு ஊருக்கும் பொதுவாகக் கிடக்கிற மணல் மைதானத்தில், ஆளுக்கொரு கோல் என்று ஆட்டம் சமமாக நின்று, முடிய இரண்டே நிமிஷம் இருந்தபோது. பெனால்டி கிடைத்தது. இருபத்துநாலு வயது கிளீட்டஸ் ஆறு எட்டு வைத்துப் பின்னால் போய், சிலுவை போட்டுக்கொண்டு, ஓடி வந்து அடித்தான். பந்து கிளம்பியது, நாலு எட்டுத் தூரம் போனது, நெஞ்சு உயரத்தில் அப்படியே நின்றது. விழவும் இல்லை, மேற்கொண்டு போகவும் இல்லை.

கல்லுமுனைக் கோலி செலஸ்டின் இடமும் பாயாமல் வலமும் பாயாமல் கோலுக்கு நட்டநடுவில் மரம்போல நின்றான். இப்படி ஒரு நெஞ்சுறுதியை இந்தக் கடற்கரை கண்டதில்லை என்று கல்லுமுனைக்காரர்கள் கை தட்டினார்கள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் எல்லோருக்கும் இனி என்ன செய்வது என்ற கேள்வி வந்தது, வந்ததும் இரண்டு ஊரும் ரெப்ரி ஞானதிரவியம் வாத்தியாரைப் பார்த்தன. அவர் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். விசிலை வாயில் வைத்தபடி பந்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, அடித்த அடி இன்னும் முடியவில்லை, முடியும்வரை விசில் ஊத முடியாது, யாராவது பந்தைத் தொட்டால் தொட்டவன் ஊர் தோற்றது, பந்து வரும்வரை கோலி கோட்டை விட்டு நகரக்கூடாது என்று சொன்னார். விதிப் புத்தகத்தில் அப்படி இல்லையே என்று கல்லுமுனைக்காரர்களில் நாலு எழுத்துப் படித்த ஒருவர் கேட்டார். புத்தகத்தில் பந்து நிற்பதும் இல்லை என்றார் வாத்தியார்.

மறுநாள் இரண்டு ஊர்க் கமிட்டியும் பங்குத்தந்தை முன்னிலையில் உட்கார்ந்து ஒப்பந்தம் எழுதின. சூரியன் உதித்ததிலிருந்து அடையும்வரை ஆட்டம் நடப்பதாகக் கணக்கு. இருட்டில் பந்து உள்ளே போனாலும் கோல் இல்லை. மற்ற ஆட்டக்காரர்கள் கடலுக்குப் போகலாம், அவர்களுக்கு இங்கே வேலையில்லை. அடித்தவனும் போகலாம், அவன் வேலை முடிந்தது. கோலி மட்டும் நிற்க வேண்டும். அவனுக்கு அடிபட்டால்தான் ஆள் மாற்றலாம், செலஸ்டினுக்கு அன்று நகத்தில்கூடக் காயமில்லை.

அப்படியாக ஒரு மனுஷன் தினமும் விடியலில் கையுறை மாட்டிக்கொண்டு போய் நிற்கிறதும், பொழுது அடைந்ததும் கழற்றிவிட்டு வீட்டுக்குப் போகிறதும் அந்தக் கரையில் மடிவலை இழுப்பதுபோல ஒரு தொழிலாகிவிட்டது. ஒதுங்கிவிட்டு வர வேண்டுமென்றால் ரெப்ரி கொடியை நட்டுவைப்பார், கொடி நிற்கிற பத்து நிமிஷம் ஆட்டமில்லை. செலஸ்டினுக்குக் கல்யாணம் வந்தபோது பங்குத்தந்தை கோல்கோட்டுக்கே வந்து மந்திரித்து நடத்திவைத்தார். பெண் பந்துக்கு முதுகைக் காட்டி நின்றாள், மாப்பிள்ளை அவள் தோளுக்கு மேலாகப் பந்தைப் பார்த்துக்கொண்டே மோதிரம் போட்டான். அவன் பிள்ளைகள் கோல்வலைக்குப் பின்னால் உட்கார்ந்து வாய்ப்பாடு படித்தார்கள். வெயிலில் பந்தின் தோல் வெடிக்கிறது என்று புன்னைத்துறைக்காரர்கள் ஒரு குடை நட்டார்கள், குடை பிடித்தால் பந்துக்கு வேகம் கூடும் என்று கல்லுமுனைக்காரர்கள் வழக்குக்கு வந்தார்கள், கடைசியில் ஒரு மாதம் குடை, ஒரு மாதம் வெயில் என்று தீர்ந்தது. திருவிழாச் சப்பரம் பந்தை விட்டு விலகிச் சுற்றிப் போனது. மீன்காரிகள் பந்துக்கும் கோலுக்கும் நடுவே நடக்க மாட்டார்கள். கிளீட்டஸ் கால்வைத்து அடித்த இடத்தைச் சுற்றிப் புன்னைத்துறைக்காரர்கள் நாலு கல் நட்டார்கள், அதற்குள் மனுஷர் கால் படக்கூடாது என்று ஒரு வழக்கம் தானாக உண்டானது. ஒருமுறை பெரும்புயலில் கடல் ஏறி மைதானத்தில் இடுப்பளவு தண்ணீர் நின்றது, ஊர் முழுக்கக் கோவிலுக்கு ஓடியது, செலஸ்டின் மட்டும் போஸ்ட்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றான். தண்ணீர் இறங்கியதும் இரண்டு ஊர்க்காரர்களும் முதலில் பந்தைத்தான் போய்ப் பார்த்தார்கள், பிறகுதான் அவனை.

கிளீட்டஸ் அதைப் பார்க்க அங்கே இல்லை. அவனுக்குக் கல்கத்தாவிலிருந்து ஆள் வந்தது, நாலு வருஷம் அங்கே ஆடினான், பிறகு ஐந்து வருஷம் கோவாவில். எங்கே போனாலும் அவனுக்கு முன்னால் அவன் பந்து போயிருந்தது. எந்தப் பக்கம் பார்த்து அடித்தாய் என்று எல்லோரும் கேட்டார்கள். முதல் முதலாக அதைக் கேட்டவள் அவனைத் தாய்போல வளர்த்த அக்கா திரேசம்மாள், அதுவும் அன்று சாயங்காலமே, அவனுடைய ஆட்டத்துணியைத் துவைக்க வாங்கிக்கொண்டபோது. வந்து சேரும்போது தெரியும் என்று அவன் சிரித்து வைத்தான். அந்தச் சிரிப்பு ஊருக்குப் பிடித்துப்போனது. தம்பிக்குத் தெரியும், சொல்ல மாட்டான் என்று புன்னைத்துறை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டது. அவனுடைய பூட்ஸைக் கண்ணாடிப் பெட்டியில் போட்டுப் பங்கு மண்டபத்தில் வைத்தது.

உண்மை என்னவென்றால் கிளீட்டஸுக்கு ஒன்றும் தெரியாது. ஊன்றிய கால் மணலில் சறுக்கிவிட்டது, உதைத்த கால் எங்கேயோ பட்டது, நிமிர்ந்து பார்த்தால் பந்து காற்றில் நிற்கிறது. அவ்வளவுதான் அவன் அறிந்தது. அன்று சாயங்காலமே சொல்லியிருந்தால் ஒரு சிரிப்போடு போயிருக்கும். ஒரு வருஷம் கழித்துச் சொல்ல வெட்கமாக இருந்தது, ஐந்து வருஷம் கழித்துச் சொல்லப் பயமாக இருந்தது. அதற்குப் பிறகு அந்தப் பொய்தான் அவனுக்குச் சோறு போட்டது. கோவாவில் ஒரு அரையிறுதியில் தலைவன் அவன் கையில் பந்தைத் திணித்துப் பெனால்டி அடிக்கச் சொன்னபோது, முந்தினது இன்னும் வந்து சேரவில்லை என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தான். அதோடு அந்த அணி அவனை வீட்டுக்கு அனுப்பியது.

பிறகு முட்டி போனது, படித்துக் கோச் ஆனான், மலபாரில் ஒரு அணிக்கு ஐந்து வருஷம் மேனேஜராக இருந்தான், அதுவும் போனது. புன்னைத்துறையில் அவனுக்கு வேலை இல்லை, கண்ணாடிப் பெட்டியில் பூட்ஸ் இருக்கிற ஒருவனை யார் வேலைக்கு வைப்பார்கள்? கூப்பிட்டது கல்லுமுனை. கமிட்டிச் செயலாளர் லூர்தையன் நேரில் வந்து, எங்கள் அணிக்கு நீர் மேனேஜராக வேண்டும் என்று மட்டும் சொன்னார், வேறெதுவும் கேட்கவில்லை. மூன்று வருஷம் எதுவுமே கேட்கவில்லை. கிளீட்டஸும் நன்றாகவே வேலை பார்த்தான், காலில் பந்து ஒட்டாத பையன்களைக் கோட்டயம்வரை கூட்டிப்போய்க் கோப்பையோடு திரும்பினான். ஆனால் பயிற்சியை மைதானத்தின் மறுகோடியில்தான் வைத்துக்கொள்வான். செலஸ்டின் நிற்கிற பக்கம் அவன் ஒருநாளும் போனதில்லை, அந்தப் பந்தை ஏறிட்டுப் பார்த்ததும் இல்லை. தான் ஒரு சறுக்குச் சறுக்கிவிட்டு ஊர் ஊராகப் போனதும், அதற்காக இன்னொருத்தன் வெயிலில் நின்று நரைத்ததும் அவனுக்கு நெஞ்சில் முள்ளாகத்தான் இருந்தது. அந்த முள்ளை எடுக்க அவனுக்குத் தைரியம் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

பதினேழாவது வருஷம் தவக்காலத்தில் பந்து நடுங்க ஆரம்பித்தது. முதலில் அதை உணர்ந்தவன் செலஸ்டின்தான். உலை கொதிக்கும்போது மூடி ஆடுவதுபோல ஒரு ஆட்டம், கூடவே வண்டு முரலுவதுபோல ஒரு சத்தம். நாளுக்கு நாள் சத்தம் ஏறியது. இரண்டு ஊரிலும் கடலுக்குப் போகிறவர்கள் குறைந்தார்கள். கோவிலில் திருமண அறிவிப்பு ஓலை வாசித்தவர்கள் தேதியைத் தள்ளி வைத்தார்கள். கரையில் சேர்ந்து வலை பின்னுகிற ஆட்கள் தனித்தனியாக உட்கார்ந்தார்கள், கொடுக்கல் வாங்கலில் இருந்த சம்பந்திகள் பேச்சை நிறுத்தினார்கள். புன்னைத்துறைப் பையன் ஒருவன் செலஸ்டினைப் பார்த்துக் கிழவா என்று கூப்பிட்டான் என்று ஒருநாள் கைகலப்பு வந்து இரண்டு மண்டை உடைந்தது.

அன்றைக்குத்தான் லூர்தையன் கேட்டார். கிளீட்டஸின் வீட்டு வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று கேட்டார். செலஸ்டினுக்கு நாற்பத்துநாலு வயது, இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டது, இரண்டு பக்கமும் அவனால் பாய முடியாது, ஒரு பக்கம் தெரிந்தால் ஒரு பாய்ச்சல் பாய்ந்துவிடுவான் என்றார். "மேனேஜரே, ஒம்ம நாங்க பையன்களுக்குப் பந்து சொல்லிக் குடுக்கவா கூட்டியாந்தோம்? எந்தப் பக்கம்ணு ஞாயித்துக்கெழமைக்குள்ள சொல்லிப்போடும்." குரலை உயர்த்தவில்லை. சொல்லாவிட்டால் என்ன என்றும் சொல்லவில்லை, வாசலில் அவருக்குப் பின்னால் நின்ற பத்துப் பேரைக் கிளீட்டஸ் தானாகவே பார்த்துக்கொண்டான்.

மறுநாள் மீன் கூடையோடு திரேசம்மாள் வந்தாள். மூன்று வருஷத்தில் அவள் கல்லுமுனையில் அவன் வீட்டுப் படி ஏறியது அதுதான் முதல் தடவை. உட்காரச் சொன்னான், உட்காரவில்லை. கூடையை இடுப்பில் வைத்தபடியே அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "எவன் கேட்டாலும் நீ வாயத் தொறக்காத மக்கா. பதினேழு வருஷமா ஊரு ஒன்ன நம்பிக் கெடக்கு," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

கிளீட்டஸுக்கு அந்த வாரம் தூக்கமில்லை. இடது என்று சொல்லிவிடலாம், வலது என்றும் சொல்லிவிடலாம், சொன்னது தப்பினால் செலஸ்டின் பொய்யை நம்பிப் பாய்வான், பதினேழு வருஷம் நின்றது ஒரு பொய்யால் மண்ணாகும். சொல்லாமல் இருந்தால் கல்லுமுனை அவனை உயிரோடு விடாது. தெரியாது என்று சொன்னால் இரண்டு ஊரும் சேர்ந்து காறித் துப்பும். மூன்றையும் நூறு தடவை மனதில் புரட்டிப் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெயில் ஏறின நேரத்தில் மைதானத்துக்குப் போனான்.

இரண்டு ஊரும் அங்கே இருந்தன. இரண்டு பக்கமும் கயிறு கட்டி, அதற்குப் பின்னால் தலை தலையாக நின்றார்கள், பிள்ளைகள்கூடச் சத்தம் போடவில்லை. பந்தின் முரலல் மட்டும் மைதானம் முழுக்கக் கேட்டது. ஞானதிரவியம் வாத்தியாருக்கு இப்போது எழுபத்துநாலு வயது, பிளாஸ்டிக் நாற்காலியில் விசிலைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தார். கிளீட்டஸ் கயிற்றைத் தூக்கி நுழைந்து, ஊர் பார்க்க நடந்து, பதினேழு வருஷத்தில் முதல் தடவையாகச் செலஸ்டினின் பக்கத்தில் போய் நின்றான். லூர்தையனுக்கு முகம் மலர்ந்தது. புன்னைத்துறைப் பக்கம் யாரோ மண்ணை வாரித் தூற்றினார்கள்.

செலஸ்டின் பந்தின்மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவனுடைய கண்ணோரத்துச் சுருக்கங்களிலெல்லாம் வெயில் கறுப்பாக இறங்கியிருந்தது. வேறெதற்கும் ஆசையில்லை, பகலில் ஒருதடவை கடலில் இறங்க வேண்டும், அதுவும் கோல் வாங்கினவனாக இறங்கக்கூடாது என்று அவன் மனைவியிடம் சொல்லியிருந்தது கிளீட்டஸின் காதுக்கும் வந்திருந்தது.

"எந்தப் பக்கம்லே?" என்றான் செலஸ்டின், மெதுவாக.

"தெரியாது."

"ஊருக்குச் சொல்லாண்டாம். எனக்கு மட்டும் சொல்லு."

"ஒனக்குத்தான் சொல்லுதேன். ஊன்றுன காலு வழுக்கிட்டு. பந்து எங்க போவுதுன்னு அன்னைக்கும் எனக்குத் தெரியாது, இன்னைக்கும் தெரியாது. தெரியும்ணு சொல்லிச் சொல்லியே பொழச்சுட்டேன். என்ன மன்னிச்சிரு."

செலஸ்டினின் தாடை மட்டும் அசைந்தது. அடிக்கப்போகிறான் என்று கிளீட்டஸ் நினைத்தான், அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றும் நினைத்தான்.

"நான் அன்னைக்கு அசையாம நின்னேன்லா," என்றான் செலஸ்டின் கடைசியில். "பயத்துல கண்ண இறுக்கி மூடிட்டேன்டே. நீ அடிச்சதையே நான் பாக்கல்ல. கண்ணத் தொறந்தா பந்து அங்க நிக்கு, ஊரு கை தட்டுது. பொறவு நான் யாருகிட்ட போயிச் சொல்ல?"

பிறகு செலஸ்டினுக்குத் தோள் குலுங்கியது, சிரிக்கிறானா அழுகிறானா என்று கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றவர்களுக்குத் தெரியவில்லை, கிளீட்டஸுக்கும் சரியாகத் தெரியவில்லை. புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு செலஸ்டின் சொன்னான்: "சரி, போ. போயி நீ அடிச்ச எடத்துல நில்லு. அங்கேருந்து பாத்தா ஒனக்கு என்ன தெரியுதோ அதச் சொல்லு. மேனேஜர்தானலே நீ?"

கிளீட்டஸ் பந்தைச் சுற்றி நடந்து போய் நாலு கல்லுக்கு நடுவில் கால் வைத்தான். அவனைத் தவிர வேறு யாருக்கும் அங்கே கால் வைக்க உரிமை இல்லாததால் யாரும் தடுக்கவில்லை. தங்கள் பிள்ளை தங்கள் இடத்துக்கே வந்துவிட்டான் என்று புன்னைத்துறை ஆர்ப்பரித்தது. அவன் பந்தைப் பார்த்தான். தோல் வெளுத்து, தையல் கறுத்து, பதினேழு மழை பட்ட ஒரு சாதாரணப் பந்து. இதையா இவ்வளவு நாள் பார்க்கப் பயந்தோம் என்று அவனுக்கு வந்தது.

முரலல் சட்டென்று நின்றது. பந்து சுழலத் தொடங்கியது. கறுத்த தையல் அவன் கண்முன்னால் இடமிருந்து வலமாக ஓடியது, ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்றாவது சுற்றில் தனியாகத் தெரியாமல் கலந்துபோனது. ஆயிரம் பையன்களுக்கு ஆயிரம் தடவை சொல்லிக்கொடுத்த பாடம் அது. இப்படிச் சுழலும் பந்து அடித்தவனுக்கு இடதுபக்கமாக வளையும், கோலிக்கு அது வலது, கோலியிடம் எப்போதும் கோலியின் கையைச் சொல்லித்தான் கத்த வேண்டும்.

"ஒனக்க வலதுகை! கீழ!" என்று கத்தினான்.

பந்து போனது. செலஸ்டின் கண்ணை அகலத் திறந்துவைத்துக்கொண்டு, தேய்ந்த இரண்டு முட்டியையும் மறந்து, வலதுபக்கம் விழுந்தான். கையுறையின் நுனியில் பந்து பட்ட சத்தம் கடைசி வரிசைவரை கேட்டது. போஸ்ட்டுக்கு ஒரு சாண் இப்பாலிருந்து தெறித்து, மணலில் மூன்று குதி குதித்து, நாலு கல்லில் ஒன்றைத் தட்டிவிட்டு, பந்து கிளீட்டஸின் காலடியில் வந்து நின்றது.

கல்லுமுனை கத்த வாயைத் திறந்தது, கத்தவில்லை. ஏனென்றால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அது உறைத்துவிட்டது. கோலி கையில் பட்டு வந்த பந்தை அடித்தவனே மறுபடி அடிக்கலாம், ஆட்டம் இன்னும் முடியவில்லை, ரெப்ரியின் பழைய தாளில் கிளீட்டஸின் பெயர் புன்னைத்துறைப் பக்கம்தான் இருக்கிறது. செலஸ்டின் குப்புறக் கிடக்கிறான். கோல் திறந்து கிடக்கிறது. ஒரு தட்டுத் தட்டினால் போதும், குழந்தைகூடத் தட்டலாம். கயிற்றுக்குப் பின்னால் புன்னைத்துறை முழுக்க ஒரே மூச்சை அடக்கி நின்றது. லூர்தையன் தலையில் கை வைத்துக்கொண்டார். கிளீட்டஸின் வலது கால் அவனைக் கேட்காமலே பின்னால் போனது, அது ஆட்டக்காரன் கால், அதைக் குறை சொல்ல முடியாது. செலஸ்டின் மணலிலிருந்து தலையைத் தூக்கி அந்தக் காலைப் பார்த்தான். எழுந்திருக்க முயற்சி செய்யவில்லை, பார்த்தான், அவ்வளவுதான்.

கிளீட்டஸ் காலைக் கீழே வைத்தான். குனிந்து பந்தை இரண்டு கையாலும் எடுத்து நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான். பந்து சூடாக இருந்தது.

ஞானதிரவியம் வாத்தியார் நாற்காலியிலிருந்து எழுந்து, அடித்த அடி முடிந்துவிட்டதால் பந்தைக் கையால் தொட்டதை வெறும் ஆட்டத் தப்பாக மட்டும் எடுத்து விசில் ஊதினார், ஊதிக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்து ஆட்டம் முடிந்ததற்கும் சேர்த்து ஊதினார். பதினேழு வருஷம் வாயிலேயே கிடந்த விசில் அது, உள்ளே இருந்த கொட்டை என்றைக்கோ போய்விட்டது, வெறும் காற்றுத்தான் வந்தது. ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது. ஆளுக்கொரு கோல், கோப்பை ஆளுக்கு ஆறு மாதம். பாதிப் பேர் கிளீட்டஸைத் திட்டினார்கள், மீதிப் பேர் யாரைத் திட்டுவது என்று தெரியாமல் நின்றார்கள், கொஞ்ச நேரத்தில் இரண்டு ஊர்க்காரர்களும் கலந்து நின்று ஒரே குரலில் ரெப்ரியைத் திட்டினார்கள். செலஸ்டின் எழுந்து, மணலைத் தட்டாமல், யாருக்கும் பதில் சொல்லாமல், கையுறையோடு நடந்துபோய் நட்டநடுப் பகலில் கடலுக்குள் இறங்கினான். முட்டிவரை போனான், இடுப்புவரை போனான், அலையில் அப்படியே உட்கார்ந்துகொண்டான். அவன் மனைவி கரையில் நின்று அழுதாள்.

திரேசம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு தம்பியிடம் வந்தாள். அவன் பந்தை வைத்துக்கொண்டு தலை குனிந்து நின்றான். இதையாவது இவளிடம் ஒளிக்க வேண்டாம் என்று நினைத்து, "அக்கா, அன்னைக்கு எனக்குக் காலு வழுக்கிட்டு," என்றான்.

"அன்னைக்கு ஒனக்க நிக்கரத் தொவச்சவ நான்தானே," என்றாள் அவள். "இடது பக்கம் முச்சூடும் மணலு, சறுக்குனாத்தான் அப்பிடி ஒட்டும். அதையா நான் வெளிய சொல்லுவேன்? நீயும் சொல்லாண்டாம்ணுதான் வீடு தேடி வந்தேன்." சேலைத் தலைப்பால் அவன் நெற்றி வேர்வையைத் துடைத்துவிட்டு, பந்தை அவன் கையிலிருந்து வாங்கி மீன் கூடைக்குள் போட்டுக்கொண்டு, சாப்பிட வா என்று முன்னால் நடந்தாள்.